அசலைப் பார்க்கப் போன மதினி

பொங்கல் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுகிற பெண் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். எங்கே என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கோயிலுக்கு." ஒரு வருஷம் வடபழனி, ஒரு வருஷம் பெங்களூரில் பெரிய நந்தி. திரும்பும்போது குங்குமமும் லட்டும் மறக்காமல் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிட்டிகை, ஒரு விள்ளல். அதனால் தெருவில் அவருக்கு நல்ல பேர். உண்மையில் அவர் போனது ஓவியம் பார்க்க. எந்த ஊரில் பெரிய கண்காட்சி நடக்கிறது என்று முதலில் முடிவாகும். அந்த ஊரில் என்ன கோயில் இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் விசாரிப்பார்.

அவருடைய வீட்டுக்காரரைத் தெருவில் நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். அந்த முறையில் அவர் எனக்கு மதினி. பேர் வேண்டாம். ஒரு தடவை அவரை நாலு பேர் முன்னால் விட்டுவிட்டு வந்தவள் நான். மறுபடியும் பேரைச் சொல்லி நிறுத்த எனக்கு மனசில்லை.

சிவகாசியில் ஒரே அச்சகத்தில்தான் மதினிக்கும் எனக்கும் வேலை. நான் மாடியில் கம்ப்யூட்டர் அறையில் டிசைன் பண்ணினேன். அங்கே ஏசி உண்டு. மதினி கீழே சார்ட்டிங். மெஷினிலிருந்து அச்சாகி வருகிற ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, கறை பட்டது, கலர் விலகியது, சுருங்கியது எல்லாவற்றையும் உருவி எறிகிற வேலை. முன்பக்கம் பார்த்தால் மட்டும் போதாது. கீழே இருக்கிற ஷீட்டின் மை காயாமல் மேலே இருப்பதன் முதுகில் ஒட்டியிருக்கும். அதனால் மூலையை இரண்டு விரலால் தூக்கிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். இருபது வருஷமாக இதைச் செய்து செய்து மதினிக்கு அது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் முன்னாலேயே அதைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டுத்தான், "எந்தத் தேதில வச்சிருக்கீக?" என்று கேட்பார்.

வாடிக்கையாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட மாதிரித் தாளை நாங்கள் ஓகே ஷீட் என்போம். அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றதைத் தள்ளுவதா வைப்பதா என்று முடிவு செய்வார்கள். மதினிக்கு ஓகே ஷீட் மேலேயே சந்தேகம் வரும். ஒரு காலண்டர் சீசனில், லோடு ஏற்ற லாரி வந்து நிற்கும்போது, அம்மன் படத்தை முதலாளி மேசையில் கொண்டுபோய் விரித்துவிட்டார்.

"ஆத்தா மூஞ்சியப் பாருங்க மொதலாளி. பச்சையடிச்சுக் கெடக்கு."

"ஓகே ஷீட்டும் அப்படித்தானம்மா இருக்கு. பார்ட்டியே கையெழுத்துப் போட்டாச்சு."

"பார்ட்டி கையெழுத்துப் போட்டா ஆத்தாளுக்குக் காமாலை கொணமாயிருமா?"

அந்த லாரி அன்றைக்கு வெறுமனே திரும்பியது. முதலாளி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. மதினி தள்ளாத ஷீட்டை எந்தப் பார்ட்டியும் திருப்பி அனுப்பியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பயணம் தொடங்கியதும் இப்படி ஒரு சண்டையில்தான். சென்னையில் நடக்கப்போகிற ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கு எங்கள் அச்சகம் புத்தகம் அச்சடித்தது. அதில் ஒரு படம், கொடியில் காயப்போட்ட சிவப்புச் சேலை. மெஷின் ஓட ஓடச் சிவப்பு மாறிக்கொண்டே இருந்தது. மதினி நாலைந்து ஷீட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு என்னிடம் வந்தார்.

"இதுல எது சரி தாயி?"

"ஓகே ஷீட்ல இருக்கதுதான் மதினி சரி."

"அத விடு. அவுக வரைஞ்சது எந்தச் செகப்பு? அசலு எங்கன இருக்கு?"

சென்னையில் என்றேன். அவ்வளவுதான். இருபது வருஷமாக நகலைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு அசலைக்கூடத் தான் பார்த்ததில்லை என்பது அன்றைக்கு உறைத்துவிட்டது. பொங்கல் கழிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். எழுதிப் போட்டிருக்கும் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? சேலைப் படத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றார். ஊர் திரும்பி முதலாளியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நாம அடிச்சது செகப்பே இல்ல மொதலாளி" என்பதுதான்.

அவர் திட்டம் போடுவதைப் பார்க்க வேண்டும். காலண்டர் சீசன் மார்கழியோடு முடிந்துவிடும். நாரணாபுரத்தில் அண்ணன் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி பொங்கலுக்கு நாலைந்து நாள் அடைத்திருக்கும். இரண்டும் சேர்ந்து வருகிற அந்த வாரம்தான் மதினிக்கு வாய்த்தது. கம்பெனி ஓடுகிற நாளில் அவர் ஊர் எல்லையைத் தாண்டமாட்டார். காலையில் வேனில் ஏறிப்போன ஆள் சாயங்காலம் வந்து இறங்குகிறவரை அவர் காது ரோட்டிலேயே இருக்கும். வடக்கே எங்காவது ஒரு சத்தம் கேட்டால் சார்ட்டிங் மேசையில் எல்லாப் பெண்களின் கையும் நிற்கும். அதனால், "உங்க அண்ணன் வீட்ல காலாட்டிக்கிட்டுப் படுத்திருக்கணும். அப்பத்தான் எனக்குப் படம் கண்ணுல ஏறும்" என்பார்.

கார்த்திகை மாதமே கழிவு ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் வேலை தொடங்கிவிடும். ஸ்டேஷன், பஸ் நம்பர், கண்காட்சிக் கூடம், கோயில், சாப்பாட்டுக் கடை, பெண்கள் போகிற கழிப்பிடம் எல்லாவற்றையும் பென்சிலில் படமாகப் போடுவார். என் போனை வாங்கிக் கண்காட்சிக்காரர்களுக்கே பேசுவார். "அய்யா, சிவகாசில இருந்து பேசுறேன். திங்கக்கெழம தொறந்திருப்பீகளா? அங்கன மாட்டியிருக்கது அசலா, பிரிண்டா?" பிரிண்ட் என்றால் அந்த ஊர் ரத்து. இருபது படத்துக்கு ஒரு டீ என்று கணக்கு வைத்திருந்தார். வேலையிலும் அப்படித்தான். அதற்கு மேல் பார்த்தால் கண் பார்க்கும், மண்டையில் ஏறாது என்பார்.

இவ்வளவு விசாரித்தும் பெங்களூரில் ஏமாந்தோம். போனில் பேசிய பையன் எல்லாம் அசல்தான் என்று சொல்லியிருந்தான். போனால் இருட்டு அறையில் நாலு சுவரிலும் விளக்கடித்துப் படத்தை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். பூவெல்லாம் தரையில் நகர்ந்தது. சுற்றி எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். மதினி மட்டும் வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் போய், "அசலு இல்லாம லைட்டடிச்சுக் காட்டுறீகளே, இதுக்கு எங்க ஊர்ல சங்கு சக்கரம் விட்டே பாத்துக்கிருவோமே" என்று சண்டை பிடித்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மதினி ரோட்டில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் லேசாகக் கூசியது. உள்ளே இருந்தவர்கள் எங்கள் இருவரையும் ஒரே மாதிரி பார்த்தார்களே என்று கூசியது. அந்த நினைப்பை அப்போதே கண்டித்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் கொச்சி. செங்கோட்டை வழியாகப் போனோம். ஊருக்குச் சொன்ன கோயில் சோட்டானிக்கரை. கண்காட்சி கடற்கரையோரம் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் நடந்தது. மதினி பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். எங்கே போனாலும் அப்படித்தான் வருவார். பெரிய மனுஷர் வீட்டுக்குப் போகிறோம் என்ற மரியாதை அது. அங்கே வந்திருந்தவர்கள் கசங்கிய பருத்திச் சட்டையும் கிழிந்த ஜீன்ஸுமாக இருந்தார்கள். நானும் பையில் மறைத்துக் கொண்டுபோன கதர் குர்தாவை ஸ்டேஷன் கழிப்பறையில் மாற்றிக்கொண்டுதான் வந்தேன். "நல்லாத்தான் இருக்கு, அயன் பண்ணி எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்றார் மதினி.

நடுக்கூடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு காகிதம் தொங்கியது. மேலே கம்பியில் பிடித்திருந்தார்கள். அடிப்பக்கம் சும்மா காற்றில் ஆடியது. முழுக்கக் கறுப்பு மை, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. மதினி அதற்கு முன்னால் நின்றுவிட்டார். நான் நகர்ந்து அடுத்த கூடத்துக்குப் போனேன். அங்கேதான் அந்தப் பெண்மணியோடு பேச்சு ஏற்பட்டது. சென்னையில் டிசைன் நிறுவனம் நடத்துகிறவர். என்ன செய்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தனியாக டிசைன் செய்கிறேன், மதுரை என்றேன். காலண்டர், வெடி லேபிள், சிவகாசி எதுவும் என் வாயில் வரவில்லை. அவர் என்னைப் பிடித்துப்போன முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே நடுக்கூடத்துக்குத் திரும்பினோம்.

அப்போதுதான் காவலாளி கத்தினார்.

மதினி அந்தப் பெரிய காகிதத்தின் அடி மூலையை இரண்டு விரலால் தூக்கி, குனிந்து, அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் ஷீட்டைத் தூக்குவது போலவேதான். அதைவிடப் பதமாகக்கூடத் தூக்கியிருந்தார். சத்தம் கேட்டும் டக்கென்று விடவில்லை. விட்டால் மடிப்பு விழும் என்று மெதுவாக இறக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார். அதற்குள் இரண்டு மூன்று பேர் ஓடிவந்துவிட்டார்கள். ஒருவர் போனில் வீடியோ எடுத்தார்.

மதினி கூட்டத்தில் என்னைத் தேடினார். பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இவள் பேசி விளக்கிவிடுவாள் என்ற நிம்மதி. எனக்கும் அது இரண்டு வாக்கியத்து வேலைதான். அச்சகத்தில் தாள் பார்க்கிறவர், பின்பக்கம் பார்ப்பது பழக்கம், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எனக்கு நன்றாகவே தெரியும்.

பக்கத்தில் நின்ற பெண்மணி என்னிடம், "உன்னோடு வந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ" என்றேன்.

மதினிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'நோ' தெரியாத ஆள் உலகத்தில் உண்டா? அவர் கண் என் மேல் ஒரு நொடி நின்றது. காவலாளி பாதி மலையாளத்தில், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அதட்டினார்.

"யாரும் இல்ல சார்" என்றார் மதினி. "ஒத்தையிலதான் வந்தேன்."

அவரை வெளியே கூட்டிப்போய், படத்துக்குச் சேதம் இல்லை என்று தெரிகிறவரை கேட் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சேதம் ஒன்றும் இல்லை. நான் அந்த நேரம் முழுக்க அந்தப் பெண்மணியோடு மிச்ச அறைகளைச் சுற்றினேன். நிழலைப் பற்றியும் வெளியைப் பற்றியும் ஏதேதோ பேசினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, அவர் என் நம்பரை வாங்கிக்கொண்டு காரில் ஏறிப்போன பிறகுதான் வெளியே வந்தேன். மதினி எதிர்க்கடையில் இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்தார்.

"பசிக்கலையா தாயி? சோறு ஆறிப்போச்சு."

திரும்பி வருகிற ரயிலில், "அந்தத் தாளு பின்பக்கம் என்ன இருந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தார். நான் தலை வலிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் நிறுத்திவிட்டார். அந்தப் பின்பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீடியோ எங்களுக்கு முன்னாலேயே சிவகாசிக்கு வந்து சேர்ந்திருந்தது. அரை நிமிஷம்தான். யாரோ சிரிப்புப் பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள். அச்சகத்து வாட்ஸப் குரூப்பில் அதைப் போடாத ஆள் இல்லை. "நம்ம சார்ட்டிங் சுத்தம் கேரளா வரைக்கும் தெரிஞ்சு போச்சு" என்று முதலாளியே சிரித்தார். தெருவில்தான் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. சாமி பேரைச் சொல்லிவிட்டு ஊர் சுற்றியிருக்கிறாள் என்று, லட்டு வாங்கித் தின்ற வாய்களே பேசின.

டீ நேரத்தில் பைண்டிங்கில் வேலை செய்கிற பெண் ஒருத்தி எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்தாள். "ஏ புள்ள, நீயுந்தான அவுக கூடப் போன? நீ எங்கன நின்ன?"

மதினி நாலடி தள்ளி டீ கிளாஸோடு நின்றார்.

"நான் சோட்டானிக்கரைல வரிசைல நின்னேன்" என்றேன். "அவுக எங்க போனாகன்னு எனக்கென்ன தெரியும்?"

கொச்சியில் சொன்னது வாய் தவறி வந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. காலையில் பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்த பதில்.

"ஆமா, இவளக் கோயில்ல விட்டுட்டு நாந்தான் ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்னு போனேன்" என்றார் மதினி. சொல்லிவிட்டு கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் சென்னைப் பெண்மணியிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை கிடைத்தது. போய்விட்டேன். அடுத்த பொங்கலுக்கு மதினி எங்கும் போகவில்லை என்று அம்மா போனில் சொன்னார். அதற்கடுத்த பொங்கலுக்கும் போகவில்லை. அண்ணன்தான் நிறுத்திவிட்டார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வீடியோ வந்து, ஊர் சிரித்த பிறகு எந்தப் புருஷன் அனுப்புவான்? இதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. சென்னையில் நண்பர்கள் கூடும்போது இந்தக் கதையைச் சொல்வேன். எங்கள் ஊரில் ஒரு பெண், தாள் பொறுக்குகிறவர், ஓவியத்தின் மேல் அவ்வளவு பைத்தியம், கடைசியில் புருஷன் வீட்டோடு அடைத்துவிட்டான் என்பேன். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். கொச்சியில் மதினியோடு யாருமே இல்லாதது போல அந்தக் கதையைச் சொல்ல நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரையில் அம்மன் கோயில் பொங்கல் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். ஏதோ அவசர வேலை என்று மதினி அச்சகத்துக்குப் போயிருந்தார். கம்பெனி லீவு என்று அண்ணன்தான் வாசல் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே நிற்கும்போது எனக்குத் திடீரென்று வீரம் வந்துவிட்டது. சென்னையில் பேசிப் பேசி வளர்த்த வீரம்.

"ஏண்ணே, என்னைக்கோ ஒரு நாள் நடந்ததுக்கு மதினிய இப்படி வீட்டோட கட்டிப் போடலாமா? அவுக எங்க போனாகன்னு உங்களுக்குத் தெரியாம இருந்தது தப்புதான். ஆனா..."

"எனக்குத் தெரியாமயா?" அண்ணன் குடத்தை இறக்கி வைத்தார். "மொத வருசம் சென்னைக்குப் போனப்பவே எனக்குத் தெரியுமே. கோயிலுன்னு சொல்றது ஊருக்கு. பஸ் நம்பர் எல்லாம் ரெண்டு பேரும் உக்காந்துதான எழுதுவோம்."

அண்ணன் தோள் துண்டால் குடத்தின் வாயைத் துடைத்தார்.

"கொச்சில நீ கூட இருந்ததும் வந்த அன்னைக்கே சொல்லிட்டா. 'அந்தப் புள்ளகிட்ட ஒண்ணும் கேட்டுராதீக, கூசிப்போயிரும்'னா. அதான் நானும் கேக்கல."

"அப்ப ஏண்ணே போகல?"

"நான் வருசா வருசம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நானே கூட வாரேன்னும் சொன்னேன். நீங்க வந்தா படத்தப் பாக்க மாட்டீக, என்னையப் பாத்துக்கிட்டு நிப்பீகங்கிறா." அவர் சிரித்தார். "அதுவும் நெசந்தான். அவளுக்கு உன்கூடப் பாத்துத்தான் பழக்கம். தனியா நிக்கப் பயமா இருக்காம். முன்னால அந்தப் பயம் கெடையாது, இப்பத்தான் வந்திருக்கு."

அடுத்த குடத்தைக் குழாயில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு வலிக்காத மாதிரி கேட்டார். "அவளாக் கேக்க மாட்டா. நீ கூப்பிட்டா வருவா. ஒரு தடவ கூப்பிடுறியாத்தா?"

"கூப்பிடுறேண்ணே."

மதினி வேலை முடிந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் அதற்கு முன்னாலேயே சென்னை ரயிலைப் பிடிக்க விருதுநகர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் போய்விட்டன. இங்கே சென்னையில் என் அறையிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு கண்காட்சிக் கூடம் இருக்கிறது. மாதம் ஒரு கண்காட்சி நடக்கிறது. எல்லாம் அசல்தான், விசாரித்துவிட்டேன். திங்கட்கிழமை விடுமுறை. ஒவ்வொரு கார்த்திகைக்கும் மதினியின் நம்பரை எடுப்பேன். முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். அவர் ஒன்றும் கேட்கமாட்டார், சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார், எனக்கு அது தெரியும். தெரிந்துதான் பயப்படுகிறேன். யாரிடமும் சொல்லாத பாகத்தையும் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.